மண்ணுக்குள் ஒரு பாடம்



“நமது நாட்டில் காண்டாமிருகம் இருந்ததா மௌலவி?” தெரணியகலையில் ஒரு மாணவன் கேட்டான்.

இருந்தது மகனே. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கல் தேடியவர்களுக்குக் காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எலும்புகளும் பற்களும் அகப்பட்டன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்தார். குருவிட்டவில் கிடைத்த பல்லைக் கொண்டு, சிங்கமும் இங்கு வாழ்ந்தது என 1939இல் எழுதினார்.

கல்லுக்கு விலையுண்டு; எலும்பை வாங்குவாரில்லை. ஆனால், கழித்த சரளையோடு எலும்பையும் எறிந்துவிட்டால் அந்தப் பாடம் மீண்டும் கிடைக்காது. குழியில் இறங்கும் தகப்பன்மாரே, எலும்போ பல்லோ கண்டால் எறியாதீர்கள். பாடசாலை ஆசிரியர் மூலம் நூதனசாலைக்கு அறிவியுங்கள்.

ஆண்டுதோறும் மே 18ஆம் திகதி சர்வதேச நூதனசாலைகள் தினம். 1977 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி, கொழும்பில் 1986இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று நூதனசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆண் பிள்ளைகளை மட்டுமல்ல, பெண் பிள்ளைகளையும்தான். அவிசாவளை வழியாகப் போய் ஒரே நாளில் திரும்பலாம். விசேட நிகழ்ச்சிகளையும் திறக்கும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில், “என்ன பார்த்தாய்?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டு வாருங்கள்.