மழலையர் பகுதி: கூகைக்கும் ஓர் இடம்

புரட்டாசி பிறந்துவிட்டால் குழந்தைகளின் பள்ளிப்பையிலிருந்து இலையுதிர்காலத் தாள்கள் வெளிவருகின்றன. செந்நிற மேப்பிள் இலை, கொட்டை சேர்க்கும் அணில், குகைக்குள் உறங்கப் புகும் கரடி! அலிப்பூரில் இப்பருவத்தில் எந்த மரமும் சிவப்பதில்லை. வைகறையில் உதிர்வது பவழமல்லியே. வங்காளியர் அதனைச் சியூலி என்பர். இதே இரு திங்கள்களை அவர்கள் சரத் என்க, நம் முன்னோர் கார் என்று வகுத்தனர். கண்ணால் காணாத கரடிக்கு வண்ணம் தீட்டுவதில் என்ன பயன் என்பதே நம் ஐயம்.

பருவத்திற்குரிய விலங்குகள் பூசைப் பந்தலிலேயே நிற்கின்றன. துர்க்கைக்குச் சிங்கம், பிள்ளையாருக்கு மூஞ்சூறு, கலைமகளுக்கு அன்னம், முருகனுக்கு மயில். இங்கே அவர் கார்த்திக். வில்லேந்தித் தாயின் பக்கத்தில் நிற்பார். வள்ளியும் தெய்வயானையும் உடன் இல்லை. "இவர் நம் முருகர்தானா, அம்மா?" என்று குழந்தை வினவினால், ஆம் என்று தயங்காமல் கூறுங்கள்.

இடர் வருவது கூகையால். விழா முடிந்து வரும் முழுநிலவில் வங்க இல்லங்களில் திருமகள் பூசை. அவளுக்கு ஊர்தி வெண்கூகை. பள்ளியில் ஆசையோடு செய்த கூகை முகமூடியைக் குழந்தை வீட்டிற்குக் கொணர்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியோ, "ஆகாத பறவை, வெளியே போடு" என்கிறார். குழந்தையின் கண் கலங்குகிறது. பாட்டியைப் பழித்தல் முறையன்று. குழந்தையின் உழைப்பைக் குப்பையில் இடுதலும் தகாது. காவிரிப் படுகையில் உழவர்கள் வயல் நடுவே கோல் நட்டு ஆந்தையை அமரச் செய்வதை அப்பாட்டிக்கு நினைவூட்டலாம். எலியை உண்டு நெல்லைக் காக்கும் பறவை, திருமகளோடு சேர்ந்ததில் வியப்பில்லை.

கிழக்கு வர்த்தமான் மாவட்டத்து நதுன்கிராமத்தில் மரக்கூகைகள் செய்கின்றனர். நம் வீட்டிற்கு அட்டையே போதும். வெள்ளைத்தாளை இரண்டாக மடித்துப் பாதி இதய வடிவில் வெட்டி விரித்தால் கூகையின் முகம். கண்ணுக்குப் புளியங்கொட்டை. கூகையின் விழி அசையாது. கழுத்தோ முக்கால் வட்டம் திரும்பும். ஆதலால் தலையை ஒட்டிவிடாமல், நூலும் பொத்தானும் கொண்டு உடலோடு தைத்துத் திருப்பிக் காட்டச் செய்யுங்கள். ஊசி வேலை பெரியோருடையது. பாட்டியிடமே ஊசியைக் கொடுத்தால் இன்னும் நன்று.

விடுமுறையில் 1876-இல் திறக்கப்பட்ட அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலைக்குச் செல்வோர், 2006-இல் மறைந்த அத்வைதா என்னும் பேராமையின் கதையைச் சொல்லுங்கள். கிளைவின் ஆமை அது என்பர். அகவை இருநூற்றைம்பது என்பதும் செவிவழிச் செய்தியே. ஆயினும் குழந்தைகள் அதை நம்பி மகிழ்வர். திரும்பியதும் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, அட்டையில் தலையும் நான்கு காலும் ஒட்டிக் கொடுங்கள்.