அந்தப் பாட்டுக்கு ஆள் உண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுவது. அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள், வருத்தப்பட மாட்டேன்.

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழு, எங்கள் குடும்பக் குழு இரண்டிலும் சேர்த்து ஒரே வாரத்தில் மூன்று முறை ஒரே வீடியோ வந்துவிட்டது. ஒரு கறுப்பினப் பாட்டி, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துப் பாடுகிறார். மேலே கொட்டை எழுத்தில், "60 வயதில் கிட்டார் தொட்டுச் சாதித்த வேலைக்காரப் பாட்டி! வயது ஒரு தடையே அல்ல!" கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். "சூப்பர் நாட்டுப்பாட்டு, யார் எழுதினதோ" என்று ஒரு பிள்ளை. வேலைக்காரி என்று போடத் தெரிந்தவர்களுக்குப் பெயரைப் போடத் தெரியவில்லை.

பெயர் எலிசபெத் காட்டன். 1893இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், சாப்பல் ஹில் ஊரை ஒட்டிப் பிறந்தவர். 60 வயதில் கிட்டார் தொட்டார் என்பது சுத்தப் பொய். சிறுமியாக இருந்தபோதே அண்ணனுடைய பாஞ்சோவைத் திருட்டுத்தனமாக எடுத்து வாசித்தவர். பிறகு வீட்டு வேலை செய்து சேர்த்த காசில், 3 டாலர் 75 சென்ட் கொடுத்துச் சொந்தமாக ஒரு கிட்டார் வாங்கினார். நீங்கள் கைதட்டிய அந்தப் பாட்டு, 'ஃப்ரைட் ட்ரெயின்', அதாவது சரக்கு ரயில், அவரே 11, 12 வயதில் கட்டியது. யார் எழுதினது என்று கேட்ட பிள்ளைக்குப் பதில், வீடியோவில் வாசிக்கிறாரே, அவர்தான்.

தலைகீழாகப் பிடித்திருப்பது வித்தை காட்ட அல்ல. அவருக்கு இடது கைப் பழக்கம். வலது கைக்காரர்களுக்குத் தந்தி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. விரலால் கிட்டாரை மீட்டுகிறவர்களுக்கு வழக்கமாகக் கட்டைவிரல் தடித்த தந்திகளில் தாளக்கட்டைப் பிடித்துக்கொள்ளும், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும். இவருக்கு எல்லாமே எதிர்ப்பக்கம். ஆள்காட்டி விரல் தாளத்துக்கு, கட்டைவிரல் மெட்டுக்கு. வீணையில் சுண்டுவிரல் பக்கத் தந்தியில் தாளம் போடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே ஆளின் கையில் இரண்டு வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். இந்த வாசிப்பு முறைக்கே அவர் பெயரை வைத்து 'காட்டன் பிக்கிங்' என்கிறார்கள்.

இனி அந்தத் தலைப்புக்கு வருகிறேன். வயது தடையல்லவாம். வயதை யார் தடை என்று சொன்னார்கள்? 17 வயதில் கல்யாணம், ஒரு மகள். சேர்ந்திருந்த தேவாலயத்தில் உலகப் பாட்டெல்லாம் பாடக்கூடாது என்றார்கள், கிட்டார் மூலைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அடுத்தவர் வீட்டுச் சமையல், அடுத்தவர் வீட்டுத் துணி. இதில் வயதுக்கு என்ன பங்கு?

1940களின் கடைசியில், வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் பொம்மை விற்கும் வேலையில் இருந்தார். அங்கே கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் கொண்டு சேர்த்தார். தாய் ரூத் க்ராஃபர்ட் சீகர் என்ற இசையமைப்பாளர். அப்பா சார்லஸ் சீகர் இசை ஆராய்ச்சியாளர். அந்த வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசித்ததைப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். எங்கள் குடும்பக் குழுவில் இதற்கு "எல்லாம் கடவுள் போட்ட முடிச்சு" என்று எழுதுவார்கள், தெரியும். அந்தக் குழந்தை அன்று அம்மா கையை விடாமல் பிடித்திருந்தால்? வட கரோலினாவில் அந்த மாதிரி இன்னும் எத்தனை விரல்கள் பாத்திரம் தேய்த்தே தேய்ந்து போயினவோ!

அடுத்ததுதான் என் கோபத்துக்குக் காரணம். காணாமல் போன அந்தச் சிறுமி பெக்கி சீகர். வளர்ந்து இங்கிலாந்து போனவர் இந்தப் பாட்டை அங்கே பாடினார். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் அதை இசைத்தட்டாக்கி, பிரிட்டனில் பெரிய வெற்றி. பாட்டை எழுதியவர்கள் என்று இரண்டு பேர் பெயர் போட்டிருந்தது. இரண்டில் ஒன்றுகூட எலிசபெத் காட்டன் இல்லை. சீகர் குடும்பம் பின்னால் நின்று போராடித்தான் உரிமை அவருக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் அந்த இரண்டு பெயர்களோடு பாட்டு பல இடங்களில் உலாவிக்கொண்டே இருந்தது.

"நாட்டுப்பாட்டுத்தானே டீச்சர், அது யாருக்கும் சொந்தமில்லையே" என்று வருவீர்கள். வாய்வழியாக நூறு பேர் சேர்ந்து செய்த பாட்டு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், யாருக்கும் சொந்தமில்லாத பாட்டுக்குக் காசு வர ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிடுகிறார்கள்! 'நாட்டுப்பாட்டு' என்ற சொல் ஏழை கட்டிய பாட்டிலிருந்து ஏழையின் பெயரை உரித்தெடுக்கும் கத்தியாகிவிடக் கூடாது. என்னிடம் தமிழ் படித்தவர்களுக்குச் செம்புலப்பெயனீரார் ஞாபகம் இருக்கும். இயற்பெயர் தெரியாத புலவருக்கு அவர் சொன்ன உவமையையே பெயராக வைத்தார்கள் நம் ஆட்கள். பெயர் தெரியாதபோதே அவ்வளவு அக்கறை. இங்கே தேடினால் அரை நிமிடத்தில் கிடைக்கும் பெயரைத் தேடச் சோம்பல்.

ரூத்தின் வளர்ப்பு மகன் பீட் சீகரைத்தான் பலருக்குத் தெரியும். காட்டன் விஷயத்தில் பெரிய வேலை செய்தது ரூத் பெற்ற மகன் மைக் சீகர். ஒலிப்பதிவுக் கருவியோடு காட்டன் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தார். 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக, காட்டன் பெயரோடு வெளியிட்டது. அதன் பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. அந்த வருமானத்தில் 1978இல் சிராக்யூஸ் நகரத்தில் வீடு வாங்கினார். 90 வயதைத் தாண்டிக் கிராமி விருது. 1987இல் காலமானார்.

இன்னொன்று சொல்லாமல் விட மனசில்லை. 1967இல் 'ஷேக் சுகரீ' என்ற இசைத்தட்டு வந்தது. அந்தத் தலைப்புப் பாட்டின் அடிகளைக் கட்டியவர்கள் அவருடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள், தூங்கப் போகும் நேரத்தில் ஆளுக்கு ஓர் அடி. அதை அவரே எல்லோரிடமும் சொன்னார். தட்டில் பாடியதும் அவர் இல்லை, 12 வயதுக் கொள்ளுப்பேத்தி. தன் பாட்டில் தன் பெயரைக் காணாமல் நின்றவர், வீட்டுக் குழந்தைகள் கட்டிய அடிகளைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

"ஒரு வீடியோவுக்கு இவ்வளவா டீச்சர்" என்று கமெண்டில் எழுதத் துடிப்பவர்கள், 1958 பதிவு இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள். அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்புறம் வாருங்கள், சண்டை போடலாம்.