மூன்று மாதத்துக்கு ஒரு கப்பல்

மச்சானுக்கு எட்டு மாதம் ரத்தம் போனது. மூலம் என்றார்கள், களிம்பு கொடுத்தார்கள். கையுறை மாட்டி ஒரு விரல் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: ஆசனவாயிலிருந்து நாலு சென்டிமீட்டரில் கட்டி. யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி மச்சானும் கேட்கவில்லை, வெட்கம்.

சென்னையில் புற்றுநோய் என்று கண்டு கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே கீமோ. சில வாரம் கழித்துப் பார்த்தால் கட்டி இருந்த இடத்தில் வெறும் தழும்பு. "வெட்ட வேண்டாம், கண்காணிக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரணும்" என்றார் டாக்டர். விரல் பரிசோதனை, ஸ்கோப்பி, எம்ஆர்ஐ.

எங்கள் ஊர் அந்தமானின் ரங்கத். அங்கிருந்து போர்ட் பிளேர் சுமார் 170 கிலோமீட்டர். (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள், எங்கள் வாயில் பழைய பெயர்தான்.) பஸ்ஸோடு படகேறி, ஜாரவா காட்டுக்குள் போகக் கான்வாய்க்குக் காத்திருந்து, ஒரு பகல் போய்விடும். அப்புறம் சென்னைக்கு ஏறக்குறைய மூன்று நாள் கப்பல். காய்கறிக் கடைக்காரர் மச்சான். கடையை எத்தனை முறை மூடுவார்? "வெட்டிடுங்க சார், ஒரேயடியா முடியட்டும்" என்றார். இன்று வயிற்றில் மலப் பையோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

மலக்குடலை ஆசனவாயோடு எடுக்கும் அந்த அறுவையை லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-ல் எழுதிவைத்தார். 2004-ல் பிரேசிலின் ஆஞ்சலீட்டா ஹப்ர்-காமா, கதிரும் கீமோவும் பெற்ற 265 பேரில் 71 பேருக்குக் கட்டி மறைந்திருந்ததால் வெட்டாமல் கவனித்ததை வெளியிட்டார். முதலில் பலர் நம்பவில்லை. ஆரம்பக்கட்டச் சின்னக் கட்டியை மட்டும் ஆசனவாய் வழியாகவே எடுக்கும் முறையும் உண்டு. இந்த வழிகள் எல்லாருக்கும் பொருந்தாது. மறைந்த கட்டி ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் திரும்ப முளைக்கிறது, பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருஷத்துக்குள். உடனே கண்டால் பெரும்பாலும் அப்போது வெட்டிக்கொள்ளலாம். விட்டால் ஆபத்து. மூன்று மாதக் கெடு அதற்காகத்தான். அந்த டாக்டர் சொன்னதில் தப்பில்லை.

தப்பு ஏற்பாட்டில். விரலும் ஸ்கோப்பியும் போர்ட் பிளேரிலேயே பார்த்து, படத்தைச் சென்னைக்கு அனுப்பினால் மச்சான் பையில்லாமல் இருந்திருக்கலாம். தீவு நிர்வாகம் மூன்று மாதத்துக்கு ஒருநாளை இதற்கென்று ஒதுக்கட்டும். வாசகரே, ரத்தம் போனால் விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அறுவைக்குக் கையெழுத்துப் போடுமுன், "ஆசனவாயைக் காப்பாற்ற வழி உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.