மின்னஞ்சல் விட்டு விட்டு வருகிறதா?

கணினி பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பதில் சொல்லக் கடினமானவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "நேற்று நல்லாத்தான் இருந்துச்சு." முழுதாகக் கெட்டுப்போன பொருளைச் சரிசெய்வது சுலபம். ஒரு நேரம் வேலை செய்து, ஒரு நேரம் அடம்பிடிக்கும் பொருள்தான் ஆளை அலையவிடும். பழுதுபார்க்க வந்தவர் முன்னால் மட்டும் அது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

மேசைக் கணினியில் தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள் வைத்து மெயில் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் யாருக்கு என்று நினைக்க வேண்டாம். கணக்கு எழுதுபவர்கள், சிறுதொழில் நடத்துபவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்யும் இளையர்கள் என்று பலருக்கு இன்னும் இதில்தான் பிழைப்பு ஓடுகிறது.

கிள்ளானில் வீட்டிலிருந்தே விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, மெயில் ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வரல. கம்ப்யூட்டர மாத்தணுமா?" என்று கேட்டார். என்ன நடந்தது என்று விசாரித்தேன். 200 பேருக்கு மதிய உணவு கேட்டு ஒரு நிறுவனம் பேசிக்கொண்டிருந்தது. 5 மணிக்குள் உறுதி செய்யுங்கள் என்ற மெயில் 2 மணிக்கே அனுப்பப்பட்டிருக்கிறது. அக்கா சமையலறைக்கும் கணினிக்குமாக நடந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. மாலை 6 மணிக்குப் பழைய மெயில் ஒன்றைத் தேடிச் சொடுக்கியபோது, மென்பொருள் வெகுநேரம் சுற்றி "டைம்ட் அவுட்" என்றது. மறுபடி சொடுக்கியதும் அந்த 2 மணி மெயில் வந்து விழுந்தது. அதற்குள் வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

இந்தப் பழுதின் உண்மையான ஆபத்து இதுதான். இணைப்பு அறுந்ததால் வரும் அமைதியும், மெயில் வராததால் இருக்கும் அமைதியும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன.

ஏன் இப்படி ஆகிறது? இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஐமேப் என்ற முறையில் சர்வருடன் பேசுகின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கதவைத் தட்டாமல், ஒரு தொடர்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, "புதிதாக ஏதாவது வந்தால் நீயே சொல்" என்று காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும்போது ஏறக்குறைய 29 நிமிடங்களுக்கு ஒருமுறை "நான் இன்னும் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும் என்பது வழக்கம். நடுவில் இருப்பதோ உங்கள் வீட்டு மோடம். வீட்டிலிருந்து வெளியே போகும் தொடர்புகளை எல்லாம் அது ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. பேச்சே இல்லாத தொடர்பைச் சில மோடம்கள் சில நிமிடங்களிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இப்படிப்பட்ட தொடர்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று 2008இல் வெளியான இணையத் தரநிலை சொல்கிறது. எல்லா மோடமும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. தொடர்பு போய்விட்டது என்று மென்பொருளுக்கு யாரும் சொல்வதும் இல்லை. அது போனைக் காதில் வைத்தபடி காத்துக்கொண்டே இருக்கும்.

விட்டு விட்டு வரும் எல்லாப் பழுதுக்கும் காரணம் மோடம்தான் என்று சொல்லவில்லை. காரணங்கள் பல. எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வேண்டும். இணைப்பு அறும் ஒவ்வொரு முறையும் நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன பிழைச் செய்தி வந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்று நான்கு நாள் எழுதினாலே பழுதுக்கு ஒரு முகம் தெரிந்துவிடும்.

பிறகு இரண்டு சோதனைகள். மென்பொருள் மக்கர் செய்யும் அந்த நிமிடத்திலேயே, அதே கணினியில் பிரௌசரைத் திறந்து அதே மெயில் கணக்கைப் பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் கோளாறு இணையத்திலோ மெயில் நிறுவனத்திலோ இருக்கிறது, மென்பொருளை நோண்ட வேண்டாம். அங்கே திறந்தால் கோளாறு மென்பொருளிலோ, அது சர்வருக்குப் போகும் பாதையிலோ இருக்கிறது. இரண்டாவது, பாதையை மாற்றிப் பாருங்கள். வீட்டு வைஃபையை விட்டுவிட்டு ஒருநாள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுங்கள். அல்லது மோடத்திலிருந்து நேராகக் கேபிள் இழுத்துப் பாருங்கள். கேபிளில் சரியாக ஓடினால் குற்றவாளி வைஃபை. ஹாட்ஸ்பாட்டில் மட்டும் சரியாக ஓடினால் மோடத்தைச் சந்தேகிக்கலாம்.

நோட்டில் எழுதியதை வைத்து மீதியைக் கண்டுபிடிக்கலாம். நான் அடிக்கடி பார்ப்பவை இவை.

சும்மா விட்டுவிட்டு வந்த பிறகு முதல் சொடுக்கு தோற்று, இரண்டாவது வேலை செய்தால், மேலே சொன்ன மோடம் கதைதான். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் சென்று, சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தில் புதிய மெயில் பார்க்கும் இடைவெளியை 5 நிமிடமாக வையுங்கள். புதிய மெயிலை உடனே அறிவிக்கும் "இம்மீடியட் சர்வர் நோட்டிஃபிகேஷன்ஸ்" என்பதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். இனி மென்பொருள் காத்திருக்காமல் தானே போய்க் கேட்கும், தொடர்பும் தூங்காது. மடிக்கணினி உறங்கி விழித்தபின் மட்டும் இப்படி ஆனால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பவர் மேனேஜ்மெண்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த அதை நிறுத்தலாம் என்ற அனுமதியை எடுத்துப் பாருங்கள்.

ஒரே கணக்கை வீட்டுக் கணினி, அலுவலக மடிக்கணினி, கைப்பேசி, டேப்லெட் என்று எல்லாவற்றிலும் திறந்து வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் தொடர்புகளைத்தான் அனுமதிக்கிறது. தண்டர்பேர்ட் ஒன்றே 5 வரை திறந்து வைக்கும். மூன்று கணினி ஓடினால் கணக்கு முடிந்தது. நான்காவதாக வருபவருக்குக் கதவு திறக்காது. வேறொன்றை மூடியதும் திறக்கும். அதனால்தான் விட்டு விட்டு வருவதுபோல் தெரிகிறது. சர்வர் செட்டிங்ஸின் "அட்வான்ஸ்ட்" பொத்தானில் அந்த 5 என்ற எண்ணை 2 ஆக்கினால் போதும்.

வீட்டில் அனுப்ப முடிகிறது, காப்பிக் கடையிலோ விடுதியிலோ அனுப்ப முடியவில்லை, ஆனால் மெயில் மட்டும் வருகிறது என்றால் அனுப்பும் போர்ட் எண்ணைப் பாருங்கள். 25 என்று இருந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். குப்பை மெயிலைத் தடுக்கப் பல இணையச் சேவைகள் 25ஐ அடைத்து வைத்திருக்கின்றன. 587 அல்லது 465 என மாற்றுங்கள். எது என்பதை உங்கள் மெயில் நிறுவனத்தின் உதவிப் பக்கம் சொல்லும்.

மெயிலைச் சோதிக்கும் ஆண்டிவைரஸ் மென்பொருளும் சில நேரம் நடுவில் நின்று தொடர்பை அறுக்கும். அதன் மெயில் சோதனையை மட்டும் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

இதில் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதை நோட்டில் எழுதி, ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது மருந்து என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அக்கா வீட்டில் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். ஒருமுறைகூட அறவில்லை. அதன் பிறகே 5 நிமிட மாற்றத்தைச் செய்தோம். புதுக் கணினி வாங்கும் செலவு மிச்சம்.

செய்யக்கூடாதவை மூன்று. முதலாவது, "எஸ்எஸ்எல்" பாதுகாப்பை எடுத்தால் சரியாகும் என்று யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். உங்கள் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே வெளியே போகக்கூடும். இரண்டாவது, கணக்கை அழித்துவிட்டு மறுபடி சேர்க்க அவசரப்படாதீர்கள். ஐமேப்பில் மெயில்கள் சர்வரிலேயே இருக்கும். பழைய பாப் முறையில் இறக்கியவை உங்கள் கணினியில் மட்டுமே இருக்கலாம். அழித்தால் பல ஆண்டு ரசீதுகளும் அதோடு போகும். மூன்றாவது, "உங்கள் மெயில் இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது, இங்கே சொடுக்கிக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று வரும் மெயிலை நம்பாதீர்கள். ஏற்கெனவே இணைப்புத் தொல்லையில் இருப்பவர்கள்தான் இந்த வலையில் சுலபமாக விழுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. பழுது பிடிபடும்வரை அதே கணக்கைக் கைப்பேசியிலும் சேர்த்து, அறிவிப்பு ஒலியைப் போட்டு வையுங்கள். பணம், வேலை, கெடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் பிரௌசரில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை. மென்பொருள் சும்மா இருக்கிறது என்பதற்காக, யாரும் எழுதவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.