தூங்கியதும் இறக்கிவிடுங்கள்

உத்தரமோ, ஜன்னல் கம்பியோ, கட்டட வேலை நடக்கும் இடத்து வேப்பமரக் கிளையோ இருந்து, ஒரு பழைய நூல் புடவையும் கிடைத்தால் தூளி தயார். ஈரத்தரை, எறும்பு, பூரான் எல்லாவற்றிலிருந்தும் குழந்தையைக் காத்து, தாயின் இரு கைகளையும் வேலைக்கு விடுவித்தது அது. அதைக் கட்டிய தாய்களை விவரம் தெரியாதவர்கள் என்று பேசுவது அநியாயம். ஆனால், பச்சிளங்குழந்தையைத் தூளியிலேயே மணிக்கணக்காகத் தூங்கவிடக் கூடாது என்பதை நம் சுகாதாரத் துறை இன்னும் உரக்கச் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும்.

முதல் சில மாதங்களில் குழந்தைக்குக் கழுத்து நிற்பதில்லை. துணி நடுவில் குழிய, முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் போய் அழுந்துகிறது. அந்த மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கி அடைபட அதுவே போதும். குழந்தை வீறிட்டு அழாது. துணி இருபக்கமும் மூடிக்கொள்வதால் முகமும் வெளியே தெரியாது. அடுப்படியில் இருப்பவர், தூளி ஆடாமல் இருப்பதைப் பார்த்து, நன்றாகத் தூங்குகிறது என்றே நினைப்பார். சற்று வளர்ந்த பிள்ளைகளோ தூளியை முறுக்கிச் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகி இறக்கிறார்கள். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அவ்வப்போது வரும் செய்திதான். இரண்டு பத்தியோடு முடிந்துவிடுகிறது.

இது ஏழை வீட்டு விவகாரம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் சாய்வுத் தொட்டிலில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது தெரியவந்த பின், 2019-இல் சுமார் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கவே 2022-இல் அங்கு சட்டம் தடை போட்டது.

ஒரு விஷயத்தில் நம் பாட்டிகள் மேலைநாட்டு மருத்துவர்களை முந்தியிருந்தார்கள். குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும்படி அங்கே பல பத்தாண்டுகள் அறிவுரை சொன்னார்கள். அது உயிரைப் பறிக்கிறது என்று உணர்ந்து, பிரிட்டன் 1991-லும் அமெரிக்கா 1994-லும் மல்லாந்து படுக்க வைக்கும் இயக்கத்தைத் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இங்கே மல்லாந்து கிடப்பதே வழக்கம். குப்புற விழுவது பிறகு கொண்டாடும் கட்டம். பால் புரையேறும் என்று பயந்து ஒருக்களித்துப் படுக்க வைப்போரும் உண்டு. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருப்பதால், கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது கடினம். அந்தப் பயம் வேண்டியதில்லை.

அதே பாட்டிகள் தலை உருண்டையாக வர வைக்கும் கடுகுத் தலையணையை மட்டும் விட்டுவிடலாம். கடைகளில் தொங்கும், கொசுவலைக் கூடாரத்துக்குள் அமுங்கும் மெத்தையும் தலையணையுமான வண்ணப் படுக்கையையும் பரிசாக வாங்கிப் போகாதீர்கள். தட்டையான, அமுங்காத படுக்கை போதும். தரையில் பாய் விரித்து, மேலே ஒரு துணியைச் சுருக்கமில்லாமல் இறுகச் செருகினாலே சரி. தாய் இருக்கும் அறையில், அவர் அருகே, ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை இருக்கட்டும். ஒரே பாயில் படுப்பதைத் தவிர்க்க முடியாத வீடுகள் ஏராளம். அங்கும், குடித்துவிட்டு வந்தவர் குழந்தை பக்கத்தில் படுக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அறைக்குள் பீடி, சிகரெட் புகையும் ஆகாது.

அரசு புதிதாகத் துறை எதுவும் தொடங்க வேண்டியதில்லை. 2015-இல் அறிமுகமான குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் படுக்கையும் வலையும் இருந்தன. எப்படிப் படுக்க வைப்பது என்ற படத்தையும் சேர்த்துக் கொடுப்பது பெரிய செலவல்ல. எடை எத்தனை, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்று கேட்கும் கிராம சுகாதாரச் செவிலியர், குழந்தை எங்கே தூங்குகிறது என்றும் கேட்க வேண்டும். தூளி கட்டாதே என்று மிரட்டினால் தாய்கள் மறைப்பார்கள். ஆட்டித் தூங்க வையுங்கள், கண்ணெதிரே வைத்திருங்கள், தூங்கியதும் பாயில் மல்லாத்திப் போடுங்கள் என்று சொன்னால் கேட்பார்கள்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் தாய்கள் துணை சுகாதார நிலையங்களுக்கு வருகிறார்கள். வரும் புதன்கிழமையே அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்க சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.