டபிள் கப் வந்து நின்றால் ஊர் ஏன் அமைதியாகிறது?

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு கிறவல் வீதியில், குளக்கட்டைத் தாண்டியிருந்த ஒரு வீட்டின் முன்னால் வாகனத்தை நிறுத்தினோம். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். வெளியே வந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வாகனத்தைத்தான் பார்த்தார். "காணி அளக்க வந்தனீங்களோ?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நாங்கள் போனது ஒளிப்பதிவுக்கு. அவருடைய கேள்வியில் பிழை இல்லை. வடக்கில் 5,940 ஏக்கர் காணிகளுக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணிகளாக்கப்படும் என்ற வர்த்தமானி அறிவித்தல் 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியானது. எதிர்ப்புகளும் உயர் நீதிமன்ற வழக்கும் வந்த பின்னர் அது மீளப்பெறப்பட்டது. வர்த்தமானியை மீளப்பெறலாம். ஊருக்குள் வரும் ஜீப்பைக் கண்டு வரும் பயத்தை அப்படி மீளப்பெற முடியாது. போட்ட தேத்தண்ணி ஆறும்வரை அந்த அம்மா எங்களை நம்பவில்லை.

சுயாதீனமாக ஒளிப்பதிவு செய்யும் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து 2023இல் ஒரு பழைய டபிள் கப் வாங்கினோம். எந்த வாகனம் நல்லது, என்ன பார்த்து வாங்கினீர்கள், எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று ஊடகத்துறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். இயந்திரத்தைப் பற்றி மட்டும் சொல்லி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களுடைய வேலையில் பெரும்பகுதிக்கு ஃபோர் வீல் வாகனம் தேவையே இல்லை. 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்ட செம்மணிச் சித்துப்பாத்திக்கு யாழ்ப்பாண நகரிலிருந்து சைக்கிளிலேயே போகலாம். கொக்குத்தொடுவாய்ப் புதைகுழி 2023 ஜூனில் வெளிப்பட்டதே வீதியோரத்தில் தண்ணீர்க்குழாய்க்குக் கிடங்கு வெட்டும்போதுதான். அங்கேயும் பஸ்ஸில் போய் இறங்கலாம்.

காணிப் பிரச்சினைகள் அப்படியல்ல. அவை பெரும்பாலும் வீதி முடிந்த பிறகுதான் தொடங்குகின்றன. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை, மட்டக்களப்பின் மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரை, மணலாற்றுப் பக்கத்து வயல்கள் என்று எல்லா இடங்களிலும் கடைசிச் சில கிலோமீற்றர் காட்டுப் பாதை, அல்லது மாட்டுத் தடம். மாரி தொடங்கினால் அது சேறு. மோட்டார் சைக்கிளில் போகலாம், போயிருக்கிறோம். ஆனால் முக்காலி, ஒலிவாங்கி, பற்றரிகள், மழைக்கு மூட ஒரு தறப்பாள் என்று ஏற்றிக்கொண்டு, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு யானை கடக்கும் பாதையில் திரும்பி வருவது வேறு கதை.

அந்த இடங்களுக்கு எந்த நாளும் போய் வருகிறவர்கள் யார்? தொல்லியல், வனவளம், வனசீவராசிகள் என்று திணைக்களங்கள், பொலிஸ், இராணுவம். எல்லாரிடமும் நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனம் இருக்கிறது, எரிபொருளும் இருக்கிறது. ஓர் எல்லைக்கல் நடப்படும்போது அல்லது ஒரு விவசாயி மறிக்கப்படும்போது எங்கள் கமரா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மிஞ்சுவது யாரோ நடுங்கும் கையால் தொலைபேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளி. ஊடக சுதந்திரம் என்று கருத்தரங்குகளில் பேசும்போது இந்தக் கடைசிச் சில கிலோமீற்றர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாகனம் இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. 2024 மார்ச்சில் சிவராத்திரியன்று வெடுக்குநாறிமலைக்குப் போகும் வழியில் வாகனங்கள் மறிக்கப்பட்டன. சனங்கள் காட்டுப் பாதையில் நடந்தே போனார்கள். அன்றிரவு எட்டுப் பேர் கைதானார்கள். எந்த டபிள் கப்பாலும் அந்தத் தடையைத் தாண்டியிருக்க முடியாது.

வாகனச் சந்தையின் நிலைமை உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் இருபது வயது வாகனமும் காணி மாதிரி விலை ஏறியது. கதவு திறந்த பிறகும் சுங்க வரி, அதன்மேல் மேலதிக வரி, உற்பத்தி வரி, ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீதப் பெறுமதி சேர் வரி. அதே மாதக் கடைசியில் கொழும்பில் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்கள் ஏலத்துக்கு வந்தன. லாண்ட் குரூசர், நிஸான் பற்றோல், மொண்டெரோ என்று போன அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் ஒரு பழைய கியர்பொக்ஸ் தேடி வவுனியாவில் கடை கடையாக ஏறிக்கொண்டிருந்தோம்.

வாங்கும் முன் புதுக்குடியிருப்பில் கராஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணையிடம் கேட்டோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோலைத் தெளித்து ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டவைத்த தலைமுறை அவர். "எஞ்சின் செத்தா மாத்தலாம் தங்கச்சி. சேஸி உக்கினா வாகனமே இல்லை. முதல் கீழ படுத்துப் பாருங்கோ" என்றார். படுத்துப் பார்த்தோம். கடற்கரைப் பக்கம் ஓடிய வாகனங்களில் சேஸியின் உட்பக்கம் கறள் தின்றிருக்கும். மேலே புதுக் கறுப்புப் பெயின்ற் பளபளக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். மூன்று வாகனங்களை அப்படித்தான் விட்டோம்.

நாங்கள் எடுத்தது தொண்ணூறுகளில் வந்த ரொயோட்டா ஹைலக்ஸ். முன்னுக்கும் பின்னுக்கும் வில்லுத்தகடு, டர்போ இல்லாத டீசல் எஞ்சின், மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வேகம் போகாது, குளிரூட்டி இல்லை, இருந்து எழும்பினால் முதுகு சொல்லும். புதிய வாகனங்களின் சொகுசைப் பார்த்துக் கவலைப்பட்டதுண்டு. ஆனால் புதிய டீசல் எஞ்சின்களில் ஒரு சென்சர் பழுதானால் கணினி வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு நகரத்துக்குத்தான் இழுத்துப் போகவேண்டும். எங்கள் வாகனத்தை முல்லைத்தீவு மாவட்டத்துக்குள்ளேயே திருத்தலாம். உங்களுடைய ஊர் மெக்கானிக்குக்கு எந்த வாகனம் கண்ணை மூடிக்கொண்டு வருமோ அதை வாங்குங்கள். அது மிட்சுபிஷியாக இருந்தாலும் சரிதான்.

எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம் இரண்டையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாகங்களாக வந்து இங்கே பொருத்தப்பட்டு, வேறொரு வாகனத்தின் இலக்கத்தில் ஓடுகிறவை நாட்டில் இருக்கின்றன. சாதாரண ஆளுக்கு அது பணநட்டம். செய்தியாளருக்கு அதைவிட மோசம். காணிப் போராட்டம் ஒன்றைப் படம்பிடித்துவிட்டு வரும் வழியில் மறிக்கும்போது, உங்களை நிறுத்திவைக்க ஒரு காரணம் தேடுவார்கள். காலாவதியான புகைப் பரிசோதனைப் பத்திரம்கூட அந்தக் காரணமாகலாம். வாகன வரி, காப்புறுதி, புகைப் பத்திரம் மூன்றின் முடிவுத் திகதியையும் எங்கள் மூவரின் தொலைபேசியிலும் பதிந்து வைத்திருக்கிறோம்.

தோற்றம் அடுத்தது. எங்களில் ஒருவருக்கு லாண்ட் ரோவர் டிஃபெண்டர் மேல் ஆசை. நான் சம்மதிக்கவில்லை. எங்கள் சனங்களின் கண்ணுக்கு டிஃபெண்டர் என்றால் பொலிஸும் அதிரடிப்படையும்தான். கறுத்த கண்ணாடியும் வேண்டாம் என்றேன், வெள்ளை வான் காலத்தை மறக்காத ஊர்களுக்குள் போகிறோம். இதில் எங்கள் பக்கத்துக் கதையும் உண்டு. இயக்கத்தின் பஜிரோவையும் பிக்கப்பையும் பெருமையோடு பார்த்த அதே சனங்கள், கடைசிக் காலத்தில் பிள்ளைகளைத் தேடி வந்த பிக்கப்பின் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஒளித்ததும் நடந்தது. 2008 செப்ரெம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் போகவேண்டாம் என்று மன்றாடி நின்றவர்களைத் தாண்டித்தான் அந்த வெள்ளை வாகனங்கள் வெளியேறின. வன்னியில் ஃபோர் வீல் வாகனத்தைப் பார்க்கிற எவரும் இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

அதனால் எங்கள் வாகனம் பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. மங்கிப்போன நீலம். புதிதாகப் பெயின்ற் அடிக்கவில்லை. பின்பெட்டியில் எப்போதும் ஒரு மண்வெட்டியும் இரண்டு சாக்கும் கிடக்கும். புதைந்தால் தேவை என்பது ஒன்று, தோட்டக்காரரின் வாகனம் போலத் தெரியும் என்பது மற்றொன்று. பெரிய கமரா எழுத்தோ "ஊடகம்" என்ற ஸ்ரிக்கரோ ஒட்டுவதா என்று இன்னும் எங்களுக்குள் சண்டை. அம்மாவின் பயம் இன்னொரு மாதிரி. "நாளைக்குச் சூட்டிங்" என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னதற்கு, "பிள்ளை, அந்தச் சொல்லைப் போனில கதையாத" என்றார்.

இந்த வாகனங்களின் விளம்பரங்களில் பாதையை விட்டு விலகி ஓடுவதைத்தான் வீரமாகக் காட்டுவார்கள். வன்னியில் அதைச் செய்யவே கூடாது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். முகமாலை போன்ற இடங்களில் எத்தனை வருடம் அந்த வேலை நடந்தது என்று வடக்கில் எல்லோருக்கும் தெரியும். சேறு கிடக்கிறது என்று பக்கத்துப் பற்றைக்குள் ஒடிக்காமல், மாடும் உழவு இயந்திரமும் போன தடத்திலேயே போங்கள். தடம் இல்லாவிட்டால் இறங்கி ஊராள் ஒருவரைக் கேளுங்கள். அவரும் தெரியாது என்றால் திரும்பி வாருங்கள். நல்ல காட்சி ஒன்றை அப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

பராமரிப்பில் நான் விட்ட பெரிய பிழையையும் சொல்லவேண்டும். ஒருமுறை வயலுக்குள்ளால் வந்து, ஃபோர் வீலைக் கழற்ற மறந்து, ஏ34 தார் வீதியில் மாங்குளம்வரை ஓட்டினேன். எங்களுடையதைப் போன்ற பழைய வாகனங்களில் அந்த நேரம் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டுப்படும். வளைவில் முன் சக்கரங்கள் கூடத் தூரம் ஓடவேண்டும். சேற்றில் என்றால் வழுக்கிச் சமாளிக்கும், தாரில் வழுக்க இடமில்லை. ஸ்ரேறிங் பாரமானது, கீழே டங் டங் என்று சத்தம் வந்தது. முன் புறொப்பலர் சாஃப்ற்றின் ஜொயின்ற் போய்விட்டது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, உடைந்த துண்டை என் கையில் தந்தார்.

மறுபக்கத்தில், ஃபோர் வீலைப் போடாமலே வைத்திருப்பதும் கூடாது. மாதம் ஒருமுறையாவது மணலிலோ கிறவலிலோ கொஞ்சத் தூரம் போட்டு ஓட்டினால் உள்ளே ஓயில் சுற்றும், லீவர் இறுகாது. தண்ணீர் கடந்து வந்தால் அடுத்த நாளே டிபரன்சியல் ஓயிலைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் போய்வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவாமல் படுக்கக்கூடாது. உப்பு பொறுத்திருக்காது. கோடையில் கிறவல் தூசி எயார் ஃபில்ரரை அடைக்கும். பின் பிரேக் டிரம்முக்குள் சேறு காய்ந்து கிடக்கும், கழற்றித் துடைக்கவேண்டும். கிறீஸ் அடிக்கும் பொயின்றுகள் எத்தனை என்று எண்ணி எழுதி டாஷ்போட்டில் ஒட்டியிருக்கிறோம், கராஜில் ஒன்று தவறினால் கேட்கலாம்.

ரயரில் ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. மலிவு என்று தருவது பெரும்பாலும் அந்தப் பழசுதான். கடற்கரை மணலில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் ரயர் அகன்று மிதக்கும். தாருக்கு ஏறுமுன் திரும்ப அடிக்கப் பற்றரியில் ஓடும் சிறிய பம் ஒன்று வைத்திருங்கள்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு இப்போது நான்காவது தடவை போய்வந்துவிட்டோம். போன தடவை பிள்ளைகள் ஓடவில்லை, பின்பெட்டியில் ஏறி இருந்தார்கள். அம்மா தன் உறுதியையும் பழைய வரிச் சிட்டைகளையும் ஷொப்பிங் பையிலிருந்து எடுத்துக் கமராவுக்குக் காட்டினார். திரும்பும்போது இரண்டு மூட்டை நெல்லை ஒட்டுசுட்டான் மில்லில் இறக்கிவிடச் சொன்னார், இறக்கினோம்.

எஞ்சினின் ரைமிங் பெல்ற் மாற்றும் கணக்கு நெருங்கிவிட்டது. மூன்று பேரும் மாதாமாதம் ஒதுக்கும் காசு இன்னும் முழுதாகச் சேரவில்லை. மாரிக்கு முதல் மாற்றாவிட்டால் வாகனத்தைக் காட்டுப் பாதைக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று அண்ணை சொல்லியிருக்கிறார்.