வகுப்பறையிற் கைத்தொலைபேசி

இக்கல்லூரியிற் பயின்று, இன்று நிவித்திகலப் பகுதியிலே தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம், இம்மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று வரையவே எண்ணியிருந்தோம். ஆயினும் சென்ற ஆண்டு எம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தோம்.

செய்யுட் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசை மாணவனொருவன் மேசையின் கீழே கைத்தொலைபேசி விளையாட்டில் ஆழ்ந்திருந்தான். வெகுண்டு அதனைப் பறித்து அலுமாரியிற் பூட்டினோம். தவணை முடிவிலேதான் தருவோம் என்றும் கூறினோம். மறுநாட் காலை, கொழுந்துக்குப் போகவேண்டிய அவன் தாயார், அன்றைய பேரையும் இழந்து பாடசாலை வாயிலில் நின்றார். “சேர், வீட்டுக்கு அது ஒண்ணுதாங்க. இவங்கப்பா கொழும்பிலயிருந்து அதிலதான் பேசுவாரு. ஒன்லைன் படிப்புக்குன்னு தோட்டை அடகு வச்சு வாங்கினதுங்க” என்றார்.

அதனை வாங்கும்படி சொன்னவர் யார்? நாமே. 2020 மார்ச்சிற் கொவிட் நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், வட்ஸ்அப் வழியே குறிப்புக்களை அனுப்பிவிட்டு, கைத்தொலைபேசி இல்லாத பிள்ளை கல்வியை இழந்துவிடும் என்று பெற்றோரிடம் வற்புறுத்தினோம். சிக்னல் கிடைக்காத ஊர்களிலே பிள்ளைகள் மேட்டுக்கும் பாறைக்கும் ஏறியதை நாடே கண்டது. இன்றும் வீட்டுவேலையை அந்த வட்ஸ்அப் குழுவிலேயே இடுகின்றோம். ஒரு கையாற் கொடுக்கச் சொல்லி மறுகையாற் பறிப்பது நீதியாமோ?

இதனால், வகுப்பில் அதனை அனுமதிக்கலாம் என்பதன்று எம் கருத்து. வேண்டவே வேண்டாம். பிரான்சு 2018ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் இயற்றிவிட்டது. இலண்டன் பொருளியற் கல்லூரி 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று, இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பாடசாலைகளை நோக்கி, தடையின் பின்னர் பரீட்சைப் பெறுபேறு உயர்ந்ததெனக் காட்டிற்று. (சுவீடனிற் பின்னர் நடந்த ஆய்வு அத்தகைய பயனைக் காணவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது.) அவ்வாய்வில் எம்மைக் கவர்ந்தது வேறொன்று: பெரும்பயன் பெற்றோர் பின்தங்கிய மாணாக்கரே, கெட்டிக்காரரிடம் வேறுபாடு புலப்படவில்லை. வகுப்பிற் கவனம் சிதறினாலும் வசதியுள்ள பிள்ளை மாலையில் டியூசன் வகுப்பில் ஈடுசெய்து கொள்ளும். லயத்துப் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடமே உள்ளது. அது போனால் போனதுதான்.

ஆகவே தடை வேண்டும்; ஆனாற் பறிமுதல் வேண்டா. காலையில் வாங்கி வைத்து, மணி அடித்ததும் திருப்பித் தருதல் வேண்டும். ஒரு குடும்பத்தின் தொலைபேசியை இரவு முழுவதும் பூட்டிவைக்க எமக்கு உரிமையில்லை. வீட்டுவேலையைக் கரும்பலகையில் எழுதுவோம். பிள்ளைகள் கொப்பியிற் பார்த்தெழுதட்டும். எழுத்தும் திருந்தும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும், சொல்லக் கூச்சமாயிருக்கின்றது. அன்று அம்மாணவனை வெகுளுமுன்னர், அதே பாடவேளையில் நாமும் இருமுறை எமது கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்திருந்தோம். அவன் அதனைக் கண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வாண்டு எம் வகுப்பு மேசைமீது பழைய பிஸ்கற் தகரப்பெட்டியொன்று இருக்கின்றது. காலையில் முதலில் எமது தொலைபேசி அதனுட் செல்லும், பின்னரே பிள்ளைகளுடையவை. பெட்டிக்குப் பொறுப்பாளன் அம்மாணவனே. பிற்பகல் ஒன்றரை மணிக்கு எல்லோருக்கும் கொடுத்த பின்னரே எமக்குத் தருகின்றான்.